தொண்டைக்கு ஏறும் வயிற்றுப் புளிப்பும் கம்மும் குரலும்: முழுமையான வழிகாட்டி

காலையில் எழும்பும்போது குரல் கம்மியிருக்கும்; பத்து மணியளவில் கொஞ்சம் தெளியும். நாள் முழுக்கச் செருமல். தொண்டைக்குள் சோற்றுப் பருக்கை ஒன்று ஒட்டிக்கொண்டது போல ஒரு தட்டல். விழுங்கினாலும் போகாது, காறினாலும் வராது. நெஞ்செரிவு இல்லாததால் இது வயிற்றிலிருந்து வருகிறது என்று யாரும் நினைப்பதில்லை. தடிமன் என்று எண்ணி அன்ரிபயோட்டிக் குடிப்பார்கள், கொத்தமல்லி அவித்துக் குடிப்பார்கள், பிறகு பார்மசியில் அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்பிரசோல் குளிசை வாங்கி இரண்டு கிழமை போட்டுவிட்டு "ஒண்டும் சரிவரேல்லை" என்று விட்டுவிடுவார்கள்.

இந்த வழிகாட்டி பெரியவர்களுக்கு. குரலை வைத்து வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் கூடுதலாகப் பயன்படும்: ஆசிரியர்கள், கூத்துப் பாடுகிறவர்கள், தேவாரம் படிப்பவர்கள், தேவாலயப் பாடகர் குழுவினர், சந்தையில் கூவி விற்கிறவர்கள், இரவில் வயற்காவலுக்குப் போய்ச் சத்தம் போடுகிறவர்கள். படிகளை எழுதியிருக்கும் ஒழுங்கிலேயே செய்யுங்கள். அநேகர் எட்டாம் படியில் வரும் குளிசையில் தொடங்குகிறார்கள். வருத்தம் மாதக்கணக்கில் இழுபடுவதற்கு அதுதான் முதற்காரணம்.

தொடங்குமுன் இவற்றை எடுத்து வையுங்கள்: ஒரு கொப்பி, பேனை, நீங்கள் பாவிக்கும் எல்லா மருந்துகளும் எழுதிய கிளினிக் கொப்பி, ஆறு அங்குல உயரத்தில் நிற்கக்கூடிய இரண்டு சீமெந்துக் கற்கள் அல்லது மரக்குற்றிகள், ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு ஸ்ரோ. எட்டு முதல் பன்னிரண்டு கிழமை வரை ஒதுக்க வேண்டும். நெஞ்செரிவு சில நாளில் அடங்கும். வீங்கிய குரல்வளை அவ்வளவு கெதியாக ஆறாது.

1. ஆபத்தான காரணங்களை முதலில் விலக்குங்கள்

குரல் அடைப்பு மூன்று கிழமைக்கு மேல் தொடர்ந்தால், காரணம் என்னவென்று உங்களுக்குத் தோன்றினாலும், குரல்நாண்களை வைத்தியர் ஒருவர் நேரில் பார்க்க வேண்டும். குரல்வளைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் இதே கம்மல்தான். ஆரம்பத்தில் கண்டால் அதைக் குணப்படுத்தும் வாய்ப்பு மிக நல்லது. ஆறு மாதம் "காஸ்ரைற்றிஸ்" மருந்து குடித்துவிட்டுப் போனால் அந்த வாய்ப்பு சுருங்கிவிடும்.

பீடி, சுருட்டு, சிகரெட் குடிப்பவர்களும் வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களும் மூன்று கிழமை வரைகூடக் காத்திருக்க வேண்டாம். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்று. அதே பழக்கங்கள் தொண்டையையும் தாக்குகின்றன.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள்:

- சோறு, பிறகு கஞ்சி என்று விழுங்குவது வரவரக் கடினமாதல், விழுங்கும்போது நோ
- ஒரு பக்கக் காதுக்குள் மட்டும் குத்து, கழுத்தில் கட்டி
- காரணமில்லாமல் நிறை குறைதல், சளியிலோ வாந்தியிலோ இரத்தம், தார் போலக் கறுத்த மலம்
- மூச்செடுக்கும்போது தொண்டையில் சத்தம், மூச்சுத் திணறல்
- இரண்டு கிழமைக்கு மேல் இருமல், அதோடு மாலைக் காய்ச்சல். இது காசநோயாக இருக்கலாம். அரச மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் சளிப் பரிசோதனை இலவசம்.

நெஞ்சு இறுக்கம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் நோ வந்தால் "வாயுக்குத்து" என்று இஞ்சித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். உட்கிராமங்களில் அது வந்து சேர நேரம் எடுக்கும். ஆகவே விடியட்டும் என்று பார்க்காமல் உடனேயே அழைக்க வேண்டும்.

2. உள்ளே என்ன நடக்கிறது

இதை விளங்கிக்கொண்டால்தான் பின்வரும் படிகள் ஏன் இந்த ஒழுங்கில் வருகின்றன என்பது பிடிபடும்.

உணவுக்குழாயின் அடியில் ஒரு வளையத்தசை, மேலே தொண்டையோடு சேரும் இடத்தில் இன்னொன்று. அடியிலுள்ளது தளர்ந்தால் இரைப்பையில் உள்ளது உணவுக்குழாய்க்கு ஏறும்; நெஞ்செரிவு வரும். மேலுள்ளதும் தளர்ந்தால் சிறு துளியோ ஆவியோ தொண்டை வரை வந்துவிடும். உணவுக்குழாய்க்கு ஓரளவு தற்காப்பு உண்டு: அது அசைந்து அமிலத்தைக் கீழே தள்ளும், விழுங்கும் உமிழ்நீர் மிச்சத்தை நடுநிலையாக்கும். குரல்வளையின் மென்மையான தோலுக்கு அந்தத் தற்காப்பு இல்லை. அதனால் உணவுக்குழாய்க்கு உறைக்காத அளவு குரல்வளையைப் புண்படுத்தப் போதும். நெஞ்செரிவே இல்லாமல் குரல் மட்டும் போவதற்குக் காரணம் இதுதான்.

ஏறி வருவது அமிலம் மட்டும் அல்ல. இறைச்சியைச் செரிக்கவைக்கும் பெப்சின் என்ற நொதியமும் கூடவே வந்து தொண்டைத் தோலில் ஒட்டிக்கொள்ளும். அமிலம் இல்லாதபோது அது சும்மா இருக்கும். மறுபடி புளிப்புப் பட்டால் வேலை செய்யத் தொடங்கும். அந்தப் புளிப்பு வயிற்றிலிருந்து வரலாம், நீங்கள் குடிக்கும் தேசிக்காய்த் தண்ணீரிலிருந்தும் வரலாம்.

குரல்நாண்கள் பேசும்போது ஆண்களில் ஒரு செக்கனுக்கு நூறு தடவைக்கு மேலும் பெண்களில் இருநூறு தடவையளவிலும் ஒன்றோடொன்று தட்டுகின்றன. வீங்கிப் பாரமான நாண் அந்த வேகத்தில் சீராக அதிராது. ஆகவே குரல் தடித்து இறங்கும், மேல்சுருதி எட்டாது, கெதியில் களைக்கும். குரலை எட்டவைக்க நீங்கள் கூடுதலாக அமுக்குவீர்கள், செருமுவீர்கள். அந்த அமுக்கமும் செருமலும் வீக்கத்தைக் கூட்டும். வயிற்றை மட்டும் பார்த்தாலோ குரலை மட்டும் பார்த்தாலோ இந்தச் சுற்று அறாது.

3. ஒரு கிழமை கொப்பியில் எழுதுங்கள், எதையும் மாற்றாமல்

மாற்றம் செய்யுமுன் இருந்த நிலை எழுத்தில் இல்லாவிட்டால், ஆறு கிழமைக்குப் பிறகு சுகம் வந்திருக்கிறதா என்று உங்களாலேயே சொல்ல முடியாது. குரல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பும். ஞாபகம் அதைப் பிடிக்காது.

முதலில் புள்ளி. 2002 இல் வெளிவந்து உலகெங்கும் தொண்டை வைத்தியர்கள் பாவிக்கும் ஒன்பது கேள்விகள் இருக்கின்றன. போன ஒரு மாதத்தை நினைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி போடுங்கள். 0 என்றால் தொல்லையே இல்லை, 5 என்றால் தாங்க முடியாத தொல்லை. கேட்பவை இவை: குரல் கம்மல், செருமல், தொண்டையில் சளி கூடுதல், சாப்பாடு, தண்ணீர், குளிசை விழுங்கச் சிரமம், சாப்பிட்ட பிறகு அல்லது படுத்த பிறகு இருமல், மூச்சு முட்டல் அல்லது புரைக்கேறல், ஓயாத தொல்லை இருமல், தொண்டையில் ஏதோ தட்டுவது, நெஞ்செரிவு, நெஞ்சு நோ அல்லது புளிச்சல் மேலே வருவது. மொத்தம் 45. பதின்மூன்றைத் தாண்டினால் எதிர்க்களிப்பை, அதாவது வயிற்றுப் புளிப்பு மேலே ஏறுவதை, சந்தேகிக்கலாம்.

இந்தப் புள்ளி நோயை உறுதிசெய்யாது. ஒவ்வாமைச் சளி உள்ளவருக்கும் இதே அளவு வரலாம். மாதாமாதம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத்தான் அது பெறுமதியானது.

பிறகு ஏழு நாளும் நான்கு விடயம் மட்டும் எழுதுங்கள்: கடைசியாகச் சாப்பிட்ட நேரமும் என்ன சாப்பாடு என்பதும், படுத்த நேரம், காலையில் குரல் எப்படி, அன்று எவ்வளவு நேரம் உரத்துக் கதைத்தீர்கள். இருபது நிரல் போட்டுத் தொடங்குகிறவர்கள் மூன்றாம் நாளே கொப்பியைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள். நான்கு போதும்.

4. வேறு காரணங்களையும் பாவிக்கும் மருந்துகளையும் சோதியுங்கள்

எதிர்க்களிப்பு என்று முடிவு கட்டுமுன் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். கிளினிக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள்.

இரத்த அழுத்தத்துக்கு எனலாப்பிரில், கப்டொப்பிரில் போன்றவை குடிக்கிறீர்களா? அவை வறட்டு இருமலையும் தொண்டைக் கிச்சுக்கிச்சையும் தரும். அம்லோடிப்பின், நிஃபெடிப்பின், ஆஸ்மாவுக்கான தியோஃபிலின் ஆகியவை அடி வளையத்தசையைத் தளர்த்தும். இவற்றைத் தானாக நிறுத்தக் கூடாது, அடுத்த கிளினிக்கில் "எனக்குக் குரல் இப்படி இருக்குது, மருந்தை மாத்தலாமோ?" என்று கேளுங்கள். ஆஸ்மாவுக்கு ஸ்டீரொயிட் இன்ஹேலர் இழுப்பவர்கள் இழுத்த பிறகு வாயையும் தொண்டையையும் தண்ணீரால் கொப்பளித்துத் துப்பாவிட்டால், குரல் அதனாலேயே அடைக்கும்.

மூட்டு நோவுக்கு டைக்குளோபெனக், இபுபுரொபென் வாங்கிப் போடுவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். அவை இரைப்பையை அரிக்கும், சிறுநீரகத்துக்கும் கூடாது.

வயல் வேலைக்காரர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கக் கொடுக்கப்படும் டொக்சிசைக்கிளின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாக்கும். இரவு படுக்கப் போகும்போது ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்குவதுதான் வழமையான பிழை. சாப்பிட்ட பிறகு, இருந்தபடி அல்லது நின்றபடி, ஒரு கிளாஸ் தண்ணீர் முழுவதும் குடித்து விழுங்குங்கள். அரை மணி நேரமாவது சாயாதீர்கள். நெஞ்சு நோகுது என்று அந்தக் குளிசையை விட்டுவிடாதீர்கள். எலிக்காய்ச்சல் உயிரைக் கொண்டுபோகும்.

வெட்டுக் காலத்து நெல்லுத்தூசி, கோடையில் கிரவல் றோட்டுப் புழுதி, கிருமிநாசினி விசிறல், விறகடுப்புப் புகை இவையும் தொண்டையைக் கெடுக்கும். இவை உள்ள நாளில் மட்டும் கம்மல் வந்தால் முதலில் முகமூடியும் மூக்குக் கழுவலுமே தேவை. ஓயாத களைப்பு, குளிர் தாங்காமை, நிறை கூடுதல் என்பவற்றோடு குரல் தடித்தால் தைரொயிட் சோதனை கேளுங்கள்.

5. இரவுச் சாப்பாட்டையும் படுக்கையையும் மாற்றுங்கள்

ஒரு மாற்றம் மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். வேறெந்தப் படியையும் விட இது கூடுதலாக உதவும், செலவும் இல்லை.

மூன்று மணி நேரம். கடைசிக் கவளத்துக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணி நேரம் விடுங்கள். இரைப்பை பெருமளவு வெறுமையாக அவ்வளவு நேரம் வேண்டும். ஒன்பதரைக்குப் படுப்பவர் ஆறரைக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். வயலால், கடையால், ரியூஷனால் எட்டு மணிக்கு வருகிற வீட்டில் இது நடக்காது என்பார்கள். அங்கே ஒழுங்கைத் திருப்புங்கள்: வயிறு நிறையச் சோறு மத்தியானம், ஐந்து மணிக்கு அவித்த பயறோ கடலையோ குரக்கன் புட்டோ, இரவு வந்த பிறகு நாலு இடியப்பமும் உறைப்பில்லாத சொதியும் மட்டும். வயிறு எவ்வளவு நிறைகிறதோ அவ்வளவுக்கு வளையத்தசை திறக்கும். அதனால் பிந்திச் சாப்பிடத்தான் வேண்டுமென்றால் அளவு சிறுக்க வேண்டும்.

யானைக்கும் பன்றிக்கும் காவலிருப்பவர்கள் மாலையிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நடுச்சாமத்தில் பார்சலை அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டுக் கொட்டிலில் சாய்வது, இடையில் வெறுந்தேத்தண்ணி, வெற்றிலை, பிறகு உரத்த கூப்பாடு: இந்த நாலும் ஒரே இரவில் சேரும்போது குரல் தாங்காது. நெருப்பும் தகரமும் வெடியும் சத்தத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். குரலைக் கடைசிக்கு வையுங்கள்.

விரத காலம் தனிக் கவனம் கேட்கும். கந்தசட்டி பாறணையில் ஆறு நாட் பசியை ஒரே இலையில் தீர்ப்பதும், நோன்பில் சஹர் முடித்த கையோடு மறுபடி படுப்பதும் தொண்டைக்கு நேரடி அடி. பாறணையைக் கஞ்சியில் தொடங்கி இரண்டு தரமாகப் பிரியுங்கள். சஹரைச் சிறிதாக்கி, சாயாமல் இருங்கள்.

தலைமாட்டை உயர்த்துதல். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டையும் ஆறு அங்குலம் உயர்த்துங்கள். ஆறு அங்குலச் சீமெந்துக் கல்லைக் கிடையாகப் படுக்கவைத்தால் அளவு சரியாக வரும். இரும்புக் கட்டிலின் கால் வழுக்கும். ஆகவே மரக்குற்றியில் கால் இறங்குமளவு ஒரு குழி கொத்துங்கள், அல்லது கல்லின் மேல் பழைய ரயர்த்துண்டு ஒன்றை வைத்து அதன் மேல் காலை வையுங்கள். முதற்கிழமை மூன்று, நாலு அங்குலத்தோடு பழகினால் கால்மாட்டுப் பக்கம் சறுக்குவது தெரியாது. கட்டிலோடு கட்டிய நுளம்புவலை தலைமாட்டில் தரைக்கு எட்டாமல் கட்டையாகிவிடும். உயர்த்திய அன்றே அதன் கயிற்றையும் இறக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் நுளம்பு கடித்து, மூன்றாம் நாள் கல்லை எடுத்துவிடுவீர்கள்.

தலையணை அடுக்குவது இதற்கு மாற்றல்ல. அது கழுத்தை மட்டும் மடக்கும். இடுப்பில் வளைந்து வயிறு நெரிபடும், புளிப்பு இன்னும் மேலே தள்ளப்படும். இடுப்பிலிருந்து தலை வரை ஒரே சரிவாக இருக்க வேண்டும்.

பாயில் படுப்பவர்கள் நாலடி நீளமும் இரண்டரை அடி அகலமும் உள்ள பலகையை எடுத்து, தலைப்பக்கம் எட்டு அங்குலம் உயர்த்தி, மற்ற அந்தம் இடுப்பின் கீழ் நிலத்தைத் தொடும்படி வையுங்கள். மேலே தும்பு மெத்தைத் துண்டு ஒன்று. உமி நிரப்பிய சாக்கு வேண்டாம். அதன் தூசியே இருமலைக் கொண்டுவரும்.

இடப்பக்கம் சரிந்து படுங்கள். அப்படிப் படுத்தால் இரைப்பை உணவுக்குழாய் வாய்க்குக் கீழே தங்கும். வலப்பக்கம் படுத்தால் மேலே வந்து ஒழுகும்.

6. பகலுணவு: மூன்று கிழமை கட்டுப்பாடு, பிறகு ஒவ்வொன்றாகச் சோதனை

வாழ்நாள் முழுக்கப் பத்தியம் யாராலும் முடியாது, தேவையும் இல்லை. மூன்று கிழமை கடுமையாக இருந்து தொண்டையை ஆறவிடுங்கள். பிறகு மூன்று நாளுக்கு ஒரு பொருளாகத் திரும்பச் சேர்த்துக் கொப்பியைப் பாருங்கள். எல்லாருக்கும் எல்லாம் ஒத்துவராமற் போவதில்லை.

விடிய நாலரைக்கு வெறுவயிற்றில் குடிக்கும் வெறுந்தேத்தண்ணியைத்தான் முதலில் தொடுங்கள். எழும்பியதும் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஒரு கிளாஸ், பிறகு இரண்டு பிஸ்கற்றோ பாண் துண்டோ, அதன் பின் சாயம் குறைத்த தேத்தண்ணி. நாளுக்கு இரண்டு கோப்பையோடு நிறுத்துங்கள்; பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வேண்டாம். பால் விட்டால் தேயிலையின் கஃபீன் குறைந்துவிடாது. தேத்தண்ணியை ஒரே நாளில் முழுவதும் நிறுத்தினால் தலையிடிக்கும். ஒரு கிழமை எடுத்துக் குறையுங்கள்.

இந்த மூன்று கிழமையும் தேசிக்காய், பழப்புளி, தக்காளி, வினாகிரி, ஊறுகாய் நிற்பாட்டுங்கள். இரண்டாம் படியில் சொன்ன பெப்சின்தான் காரணம். மீன்குழம்புக்குப் புளி இல்லாமல் முடியாதென்றால், குளத்து மீனை மஞ்சள், மிளகு குறைத்து, இரண்டாம் பாலில் பால்கறியாக வையுங்கள். முதற்பாலைத் தடிப்பாக விடாதீர்கள். கொழுப்புக் கூடினால் இரைப்பை வெறுமையாகச் சுணங்கும். வடை, ரோல்ஸ், பொரித்த மிளகாய், கொத்துரொட்டி இதே காரணத்தால் விலக்கு. சோடா வயிற்றை ஊதவைத்து ஏப்பத்தோடு புளிப்பையும் கொண்டுவரும். கள்ளு, சாராயம், புகை, புகையிலை வெற்றிலை: இவற்றை மூன்று கிழமைக்கு அல்ல, விட்டே விடுங்கள்.

சாப்பிடலாம் என்பவை நிறைய இருக்கின்றன: சிவப்பரிசிச் சோறு, குரக்கன், பருப்பு, பூசணி, வெண்டி, பயற்றங்காய், முருங்கையிலை, அவித்த மீன், பப்பாசிப்பழம், நன்கு பழுத்த வாழைப்பழம், உறைப்புக் குறைந்த இலைக்கஞ்சி. நீரிழிவுக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர்கள் எந்த நேரச் சாப்பாட்டையும் தவிர்க்கக் கூடாது, அளவைப் பிரியுங்கள்.

சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் குனிந்து புல்லுப் பிடுங்குவது, தண்ணீர் வாளி தூக்குவது, மூட்டை ஏற்றுவது வேண்டாம். நாற்று நடுகைக்கு முன் காலையில் கொஞ்சமாகச் சாப்பிட்டு, வரம்பில் ஏறும் இடைவேளையில் இன்னொரு தரம் சாப்பிடுங்கள். சாரத்தையும் பெல்ட்டையும் வயிற்றில் இறுக்காதீர்கள். வயிறு தள்ளியிருப்பவர்களுக்குச் சில கிலோ குறைந்தாலே வித்தியாசம் தெரியும்.

அடிக்கடி நடக்கும் பிழை: குரல் அடைத்ததும் தேசிக்காய்ச் சாறும் தேனும் குடிப்பது, மெந்தோல் இனிப்பை நாள் முழுக்க வாயில் அடக்கிவைப்பது. முதலாவது பெப்சினை எழுப்பும். இரண்டாவது வளையத்தசையைத் தளர்த்தும், தொண்டையை உலர்த்தும். சூடாறிய வெறும் தண்ணீர்தான் நல்லது.

7. குரலை ஆறவிடுங்கள்

ஐந்தாம், ஆறாம் படிகளோடு சேர்த்தே இதையும் தொடங்குங்கள்.

செருமலை நிறுத்துவதுதான் கடினமானது. ஒவ்வொரு செருமலிலும் வீங்கிய நாண்கள் பலமாக மோதுகின்றன; புண்பட்ட தோல் மேலும் சளி சுரக்கிறது, மறுபடி செருமத் தூண்டுகிறது. செரும வேண்டும் போல வந்தால் ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் இல்லையென்றால் தாடையை இறக்கி உமிழ்நீரை அழுத்தி விழுங்குங்கள். அதுவும் போதாவிட்டால் வாயை மூடி மெல்ல "ம்ம்" என்று முனகி, பிறகு விழுங்குங்கள். வீட்டில் ஒருவரிடம் "நான் செருமினால் சொல்லுங்கோ" என்று கேட்டு வையுங்கள். செருமுகிறவருக்குத் தான் செருமுவது பெரும்பாலும் தெரியாது.

குசுகுசுப்பது ஓய்வல்ல. அழுத்திக் குசுகுசுத்தால் குரல்வளை இன்னும் இறுகும். கைநீட்டும் தூரத்தில் இருப்பவருக்குக் கேட்குமளவு, மெதுவான சாதாரணக் குரலில் கதையுங்கள்.

ஸ்ரோப் பயிற்சி: அரைக் கிளாஸ் தண்ணீரில் ஸ்ரோவின் நுனியை ஓர் அங்குலம் அமிழ்த்தி, "ஊ" என்ற ஒலியோடு மெல்ல ஊதுங்கள். குமிழி ஒரே சீராக வர வேண்டும். விட்டுவிட்டு வந்தால் நீங்கள் அமுக்குகிறீர்கள், மூச்சைக் குறையுங்கள். இரண்டு மூன்று நிமிடம், நாளுக்கு நாலைந்து தரம். ஸ்ரோவுக்குள் தேங்கும் அழுத்தம் நாண்களை மெல்ல விலக்கிப் பிடிப்பதால் மோதாமல் அதிரப் பழகும்.

அரைச்சுவர் மண்டபத்தில் பக்கத்து வகுப்புக்கு மேலால் கத்திப் படிப்பிக்கும் ஆசிரியர்கள் கைதட்டல், மணி, கரும்பலகை எழுத்து என்று குரல் இல்லாத வழிகளால் பிள்ளைகளை அமைதிப்படுத்துங்கள். பிள்ளைகள் அருகே போய்க் கதையுங்கள். கடினமான பாடங்களை நேரசூசியில் அடுத்தடுத்து வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வற்றாப்பளைப் பொங்கல் காலத்தில் இரவிரவாகக் கூத்துப் பாடுகிறவர்கள் மேடைக்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடியுங்கள். மேல்சுருதி எட்டாவிட்டால் அண்ணாவியாரிடம் சொல்லிச் சுருதியை இறக்குங்கள். வயிறு நிறைந்திருக்க, உதரவிதானத்தை இறுக்கிப் பாடுவது புளிப்பை நேரே மேலே தள்ளும்.

ஆவி பிடிப்பதென்றால் வெறும் தண்ணீரில், ஐந்து நிமிடம். பாத்திரத்தை மேசையில் வையுங்கள், மடியில் வேண்டாம்.

8. மருந்து, அதன் இடத்தில்

மேலே சொன்னவற்றை நாலு கிழமை ஒழுங்காகச் செய்தும் புள்ளி இறங்கவில்லையென்றால் மருந்துக்குப் போங்கள். நெஞ்செரிவும் சேர்ந்து இருந்தால் முன்னதாகவே வைத்தியரிடம் கேட்கலாம்.

அல்ஜினேற் கலந்த திரவ மருந்து இரைப்பையில் உள்ளவற்றின் மேல் ஒரு நுரைப்படலமாக மிதந்து, அமிலத்தையும் பெப்சினையும் மேலே வரவிடாமல் தடுக்கும். பெரியவர்களுக்கு 10 முதல் 20 மில்லிலீற்றர், சாப்பிட்ட பிறகும் படுக்கைக்கு முன்னரும். குடித்த பிறகு தண்ணீரோ தேத்தண்ணியோ குடித்தால் படலம் கலைந்துவிடும். பலர் செய்யும் பிழை இது.

ஒமெப்பிரசோல் 20 மில்லிகிராம் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன் விழுங்க வேண்டும். அமிலம் சுரக்கும் பம்புகள் சாப்பாட்டோடுதான் விழித்துக்கொள்கின்றன. மருந்து அதற்கு முன் இரத்தத்தில் இருக்க வேண்டும். சாப்பிட்ட பிறகோ படுக்கும்போதோ போட்டால் பயன் பெரிதும் குறையும். கப்சூலைத் திறந்து உள்ளே இருக்கும் மணிகளைக் கடிக்கவோ பொடியாக்கவோ கூடாது. தொண்டைக்கு இரண்டு வேளையாக, எட்டு முதல் பன்னிரண்டு கிழமை கொடுப்பதும் உண்டு. அதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

இந்தக் குளிசை அமிலத்தைக் குறைக்கும், ஏறி வருவதை நிறுத்தாது. பிரித்தானியாவில் தொடர் தொண்டைத் தொல்லை உள்ளவர்களுக்கு இதே வகைக் குளிசையான லன்சொப்பிரசோலை நாளுக்கு இரண்டு தரம், பதினாறு கிழமை கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2021 இல் வெளிவந்தது. வெற்றுக் குளிசை குடித்தவர்களை விட அவர்களுக்குக் கூடுதல் சுகம் கிடைக்கவில்லை. ஆகவே குளிசையை மட்டும் நம்பிப் படுக்கையையும் சாப்பாட்டையும் பழையபடி விட்டுவிடாதீர்கள்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள், வவுனியாப் பக்கத்தில் இது பல குடும்பங்களில் உண்டு, எந்த அமில மருந்தையும் கடையில் தானாக வாங்க வேண்டாம். அலுமினியம், மக்னீசியம் சேர்ந்த மருந்துகள் பழுதான சிறுநீரகத்தால் வெளியேறாமல் உடம்பில் தங்கும். அல்ஜினேற் திரவத்தில் சோடியம் இருக்கிறது. ஒமெப்பிரசோலும் சிலருக்குச் சிறுநீரகத்தில் அழற்சியை உண்டாக்கும். அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பதும் சோடியம்தான். இரத்த அழுத்தக்காரருக்கும் கூடாது. இதயத்துக்குக் குளோப்பிடோகிரெல் குடிப்பவர்கள் ஒமெப்பிரசோல் எடுக்குமுன் கட்டாயம் கேட்க வேண்டும். அது குளோப்பிடோகிரெலின் வேலையைக் குறைக்கும். கர்ப்பிணிகள் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி வைத்தியரின் ஆலோசனையோடு மட்டும்.

வயிற்று அமிலத்துக்கு முன்பு பாவனையில் இருந்த ரனிற்றிடின் வீட்டு மருந்துப்பெட்டியில் கிடந்தால் எறிந்துவிடுங்கள். புற்றுநோயை உண்டாக்கக்கூடிய மாசு காணப்பட்டதால் பல நாடுகளில் மீளப் பெறப்பட்ட மருந்து அது.

9. வைத்தியசாலைக்குப் போகும்போது

கம்மல் மூன்று கிழமையைத் தாண்டியிருந்தால், முதலாம் படியில் சொன்னபடி, மற்றப் படிகள் முடியும்வரை காத்திராமல் போங்கள். பக்கத்து ஆதார வைத்தியசாலை மல்லாவியோ புதுக்குடியிருப்போ செட்டிகுளமோ, அங்கே வெளிநோயாளர் பிரிவில் காட்டி, காது மூக்கு தொண்டைக் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். கடிதம் இல்லாமல் நேரே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு விடிய பஸ் ஏறி, கிளினிக் நாள் அதுவல்ல என்று திரும்பி வருபவர்கள் பலர். எந்தக் கிழமையில் கிளினிக், எத்தனை மணிக்கு இலக்கம் என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

"தொண்டை சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். கிளினிக்கில் கிடைக்கும் நேரம் சில நிமிடம், இப்படிச் சொல்லுங்கள்: "ரண்டு மாசமா காலமை குரல் அடைக்குது. நெஞ்செரிவு இல்லை. புள்ளி இருபத்திரண்டு. நாலு கிழமை தலைமாடு உயர்த்திப் பாத்தனான், பதினெட்டுக்கு வந்தது." கொப்பியைக் காட்டுங்கள். புகை, வெற்றிலை பற்றி மறைக்காதீர்கள்.

மூக்கால் மெல்லிய கமரா விட்டுக் குரல்நாண்களைப் பார்ப்பார்கள். மூக்குக்குள் மரக்கப் பண்ணும் மருந்து அடித்துவிட்டுச் செய்வதால் நோகாது, சில நிமிடத்தில் முடியும். சிவப்பும் வீக்கமும் எதிர்க்களிப்புக்கு மட்டும் உரியவை அல்ல என்பதால், கமராவின் முக்கிய வேலை கட்டி, முடிச்சு, நாண் அசையாமை போன்றவை இல்லை என்று உறுதிசெய்வதுதான். மருந்துக்கு மசியாதவர்களுக்கு 24 மணி நேர அமில அளவீடு செய்யச் சொல்லலாம். பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் அனுப்புமாறு நீங்களாகவே கேளுங்கள், குறிப்பாக ஆசிரியர்கள்.

10. குறைத்து நிறுத்துவதும் திரும்பி வந்தால் செய்வதும்

புள்ளி பத்துக்குக் கீழ் இறங்கி ஒரு மாதம் நின்றால் மருந்தைக் குறைக்கலாம். இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்த ஒமெப்பிரசோலைச் சட்டென நிறுத்தினால் அடக்கிவைத்த சுரப்பு மேலெழுந்து, சில கிழமை வரை முன்னையதை விட மோசமாகத் தோன்றும். "மருந்தில்லாமல் முடியாது" என்று பயந்து பலர் திரும்பத் தொடங்குவது இந்த இடத்தில்தான். வைத்தியரிடம் சொல்லிவிட்டு இரண்டு வேளையை ஒன்றாக்குங்கள். இரண்டு கிழமை கழித்து ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிறகு நிறுத்தி, எரிவு வரும் நாளில் மட்டும் அல்ஜினேற்.

முதலில் மருந்து, அதன் பிறகு உணவுக் கட்டுப்பாடு, கடைசியாக அல்லது ஒருபோதும் எடுக்காமல் தலைமாட்டுக் கற்கள். தளர்த்தும் ஒழுங்கு இதுதான்.

கலியாண வீட்டுச் சாப்பாடு, திருவிழா இரவு, தடிமன் என்று ஏதாவதொன்றால் கம்மல் திரும்பினால் பத்து நாள் ஐந்தாம், ஏழாம் படிகளுக்கு மட்டும் போங்கள். பெரும்பாலும் அதுவே போதும். அதைத் தாண்டியும் மூன்று கிழமை நின்றால், போன தரம் கமராவில் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தாலும், மறுபடி காட்ட வேண்டும்.